அவர் ஓடினால் என்ன செய்வீர்கள்?

இன்டர்பிரிட்டர் வேலை என்பது அடுத்தவனுடைய கோபத்தைச் சம்பளத்துக்குப் பேசிவிட்டு, சொந்தக் கோபத்தைச் சம்பளமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு போகிற வேலை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்தத் தொழில் தெரியும். மாமியை ஜீ.பி. டொக்டரிடம் கூட்டிப் போயிருப்பீர்கள், மச்சானைக் கவுன்சிலுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். நடுவில் கதிரை போட்டு இருந்து இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நான் அதையே காசுக்குச் செய்தேன். தென் லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு கம்பனியில் அரைநேரக் கணக்கு வேலை, மிச்ச நாட்களில் லண்டன் முழுக்க குடிவரவு விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பு. எண்பதுகளின் கடைசியில் தமிழுக்கு ஆள் மிகக் குறைவு. ஒரே குடும்பத்தின் வழக்குக்கு ஒரே ஆளே திரும்பத் திரும்பப் போகவேண்டி வரும்.

அதிலும் பிணை விசாரணை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஊரில் காசுப் பிணை, ஆள் நின்று பொறுப்பேற்கிற சரீரப் பிணை என்று இரண்டு இருந்தது நினைவிருக்கும். இங்கே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி வைத்திருந்தார்கள். தடுப்பு முகாமில் இருக்கிற ஆளை வெளியே விடவேண்டுமானால், வெளியில் இருக்கிற இரண்டு பேர் வந்து பிணை நிற்க வேண்டும். அவர் ஒழுங்காக விசாரணைக்கு வருவார், வராமல் ஓடினால் இத்தனை ஆயிரம் நாங்கள் கட்டுகிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காசை அன்றே கட்டத் தேவையில்லை. ஆனால் அது இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெற்றோல் செட்டில் நிற்கிறவனிடமும் ஒஃபீஸ் கூட்டுகிறவளிடமும் இதைக் கேட்டார்கள். நான் பார்த்த குடும்பங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தாலிக்கொடி

சிவபாலன் பேக்கரியில் வேலை செய்தவர். இரண்டு வருடமாக மனைவி ஜெயராணியோடு மோர்டனில் ஒரு அறையில் இருந்தார். அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், அவர் அப்பீல் போட்டிருந்தார். மாதா மாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதமும் தவறவில்லை. அப்படிக் கையெழுத்துப் போடப் போன ஒரு காலையில்தான் அவரை அப்படியே பிடித்து வைத்தார்கள். காரணம், முதல் பிணை விசாரணையில் அவர்கள் சொன்னபடி, ஓடிவிடுவார் என்று சந்தேகமாம். ஓடுகிறவன் எதற்குக் கையெழுத்துப் போட வருகிறான் என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னுடைய நாக்குத்தான் அன்றைக்கு வாடகையில் இருந்ததே.

ஜெயராணிக்கு அப்போது ஐந்து மாதம், முதல் பிள்ளை. விடிய எழும்பி ஒஃபீஸ்கள் கூட்டுகிற வேலை. பிள்ளை பிறப்பதற்குள் அவர் வெளியில் வரவேண்டும், அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். விசாரித்த தீர்ப்பாளர் வயதானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலைத் தந்தது. ஆளுக்கு இரண்டாயிரம் பவுண்ட்ஸுக்கு இரண்டு பேர் பிணை நின்றால் யோசிக்கலாம் என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் ஜெயராணி எழும்பி, கார்டிகனுக்குள் இருந்த தாலிக்கொடியை வெளியில் எடுத்துக் காட்டினாள். இது அவர் கட்டினது, அவருக்காகவே தாறன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். எங்கள் சனத்தின் சேமிப்பு கழுத்தில்தான் இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த வேறு யாருக்கும் தெரியாது. தீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "மிக அழகாக இருக்கிறது, அம்மணி. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

பேர் மட்டும் கேட்காதே

அதற்குப் பிறகு ஜெயராணி ஆள் தேடத் தொடங்கினாள். நம்மில் வசதியானவர்கள் இல்லாமலில்லை. கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்து, பேரைப் பெரிதாக அச்சடிக்க வைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பிணை என்று சொன்னதும் அவர்கள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டது. எடுத்தால் மனைவிமார் எடுப்பார்கள். அவர் ஷிப்டில், அவர் குளிக்கிறார், அவர் இப்பதான் வெளிக்கிட்டவர்.

ஒருவர் மட்டும் அவளைக் கடைக்குக் கூப்பிட்டு இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தார். பலசரக்குக் கடை, அதற்குப் பின்னால் கணக்கில் காட்டாத இன்னொரு கடை. பிணை நிற்கப் போனால் வருமானத்தைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்பார்கள், அவருடைய கணக்கு அப்படிக் கேட்டால் தாங்காது. இதை அவர் ஒளிக்கவில்லை. அதற்காக அவரை நான் கொஞ்சம் மதிக்கிறேன். கல்லாவைத் திறந்து ஐந்நூறு பவுண்ட்ஸை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "பிள்ளை, காசு எவ்வளவெண்டாலும் கேள். பேர் மட்டும் கேக்காதை."

மாமிக்கு எல்லாம் பாடம்

கடைசியில் முன்னுக்கு வந்தவர் ரத்தினம் அண்ணை. சிவபாலனோடு ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், அவரைவிட நாலைந்து வயது மூத்தவர். கலியாணம் கட்டாதவர். சட்டனுக்குப் பக்கத்தில் பெற்றோல் செட்டில் வேலை. வங்கியில் அவரிடம் எப்போதும் எண்பது, நூறுக்கு மேல் இருந்ததில்லை. ஆனால் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

சீட்டுப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் ஒன்று இரண்டு கட்டிக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள். ரத்தினம் அண்ணை கடைசியாக எடுத்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். அவசரத்துக்கு முன்னுக்கு எடுத்ததால் பெரிய கழிவு விட வேண்டி வந்தது. அப்படி விட்டு எடுத்த காசைக் கொண்டுபோய் வங்கியில் போட்டு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடன் வாங்கின கோட்டோடு இரண்டாவது விசாரணைக்கு வந்தார்.

அரசாங்கப் பக்கத்து அதிகாரி இளம் ஆள். புத்தகத்தை விரித்ததும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன மாதம் எண்பது, இந்த மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், இது எங்கிருந்து வந்தது? ரத்தினம் அண்ணை சீட்டு என்றார். நண்பர்கள் கூடிச் சேமிக்கிற முறை, மாதம் ஒருவர் எடுப்பார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு ரசீது உண்டா, பதிவு உண்டா, நடத்துகிறவர் யார் என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். நடத்துவது டூட்டிங்கில் இருக்கிற ஒரு மாமி, துண்டு ஒன்றும் தேவையில்லை, மாமிக்கு எல்லாம் பாடம் என்று ரத்தினம் அண்ணை பெருமையாகச் சொன்னார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கினான். இனி வருகிற மாதங்களில் இந்தக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டுமானால் இது கடன், சொந்தக் காசில்லை என்று முடிவு செய்தார்கள். இருபது வருடத்துக்கு வீட்டுக் கடன் எடுத்தவனுடைய வீடு அவனுடைய சொத்து, பத்து மாதத்துக்குச் சீட்டெடுத்தவனுடைய காசு மட்டும் கடன். ரத்தினம் அண்ணை புத்தகத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, காசு இல்லாட்டி உனக்கு வசதி இல்லை எண்டினம். இருந்தா ஆரின்ரை காசு எண்டினம். நான் எப்பிடி வந்து நிண்டா இவைக்குச் சரி?"

வாயால் சொல்லாத சொல்

அதே நாள் இரண்டாவது பிணைகாரி பரமேஸ்வரி அக்கா. ஜெயராணியின் பெரியம்மா மகள், புருஷனுக்குத் தபால் நிலையத்தில் நிரந்தர வேலை. வங்கியில் வருடக்கணக்காகச் சேர்த்த காசு, ஒரு குறையும் சொல்ல முடியாது. அவவில்தான் எல்லோரும் நம்பிக்கை வைத்திருந்தோம். நல்ல நேரம் பார்த்து வீட்டை விட்டு வெளிக்கிட்டு, திருநீறு பூசி, பட்டு உடுத்து, அதற்கு மேல் குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தா.

அதிகாரி வழமையான கேள்வியைக் கேட்டான். பிணை நிற்கிற எல்லோரையும் கேட்பதுதான். "அவர் ஓடினால் என்ன செய்வீர்கள்?" பொலிசுக்கு அறிவிப்பேன், காசைக் கட்டுவேன் என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. பரமேஸ்வரி அக்கா, அப்பிடி ஒண்டும் நடக்காது என்றா. அவன் திரும்பக் கேட்டான். அவன் ஓடமாட்டான் என்றா. நடக்குமா நடக்காதா என்று கேட்கவில்லை, நடந்தால் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தா.

இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு விளங்கும். நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் தவறான சொல்லை வாயால் சொல்ல மாட்டோம். பயணம் வெளிக்கிடுகிறவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். ஒரு மனிதனை வெளியில் எடுக்க வந்த இடத்தில் அவன் ஓடினால் என்று அக்கா எப்படிச் சொல்லுவா? எனக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்தி, இதில் ஒரு வழக்கம் இருக்கிறது, விளக்கலாமா என்று கேட்டேன். தீர்ப்பாளர் வழமையான மரியாதையோடு, நான் குரல் மட்டும்தான், சாட்சி இல்லை என்று சொல்லி என்னை இருத்தினார். சிவபாலனுக்காக வந்த வழக்கறிஞர் ஜூடித் நல்ல பிள்ளை. ஆனால் அவளுக்கும் இது விளங்கவில்லை, பயத்தில் அக்கா சொல்லவேண்டிய பதிலை மறந்துவிட்டா என்று நினைத்தாள். பிணைகாரி தன்னுடைய பொறுப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை, பதிலை மழுப்புகிறா என்று எழுதி, பிணையை மறுத்தார்கள். அதையும் தமிழில் சொல்ல வேண்டியவன் நான்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் காவலர்களுக்கு நடுவே இருந்த சிவபாலன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஜெயராணி ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

வெளியில் நடைபாதையில் பரமேஸ்வரி அக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றா. என்னைப் பார்த்ததும் சொன்னா: "அவனை வெளியிலை எடுக்க வந்த என்னைக்கொண்டே அவன் ஓடினா எண்டு சொல்லிவிக்கப் பாக்கிறாங்கள். நான் என்னெண்டு சொல்லுவன்?"

வாழ்த்துச் சொன்ன நேர்ஸ்

மூன்றாவது விசாரணைக்குத் தேதி கிடைப்பதற்கு முன் பிள்ளை பிறந்துவிட்டது. நாங்கள் பயந்தபடியே நடந்தது. வலி வந்தபோது ஜெயராணி ரத்தினம் அண்ணைக்குத்தான் போன் பண்ணினாள். அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பெற்றோல் மணத்தோடு காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெண் பிள்ளை. முகாமுக்குப் போன் எடுத்து, சிவபாலனிடம் சேதி சொல்லச் சொன்னார்கள். இரண்டு தரம் முயன்று, மூன்றாவது தரம் ஒரு காவலர் எழுதிக்கொண்டாராம்.

இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னவர் ரத்தினம் அண்ணை. எதையும் பகிடியாகச் சொல்லுகிற மனிதர், இதை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையைத் தூக்கி என்ரை கையிலை தந்து, நேர்ஸ் எனக்கு வாழ்த்துச் சொன்னா, தம்பி. தேப்பன் உள்ளுக்கை இருக்கிறான் எண்டு நான் எந்த வாயாலை சொல்ல?"

ராமையா

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளிலேயே ஜெயராணி திரும்ப வேலைக்குப் போனாள். வேறு வழியில்லை, உழைப்பது அவள் ஒருத்திதான். பிள்ளையைப் பரமேஸ்வரி அக்கா பார்த்துக்கொண்டா. ஒரு காலையில் ஒஃபீஸில் வக்கூம் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதிருக்கிறாள். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்கிறாள். அங்கே கணக்காளராக இருந்த ராமையா அன்று நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குரோய்டன் பக்கம் சொந்த வீடு. என்னம்மா என்று தமிழில் கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள். நான் வர்றேன் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதுவதற்கு இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் இது.

மூன்றாவது விசாரணையில் அவர் ஆங்கிலத்திலேயே பேசினார், எனக்கு வேலையில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்கள், சம்பளத்தைப் பார்த்தார்கள். சிவபாலனை எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்டபோது, இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னார். போச்சு என்று நினைத்தேன். தீர்ப்பாளர் தலையை ஆட்டிவிட்டு, மிக்க நன்றி, உங்களைப் போன்ற ஒருவர் முன்வந்தது நல்ல விஷயம் என்று ஏற்றுக்கொண்டார். சிவபாலனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ரத்தினம் அண்ணை ஆகாது, அவர் முகத்தையே பார்த்திராத ராமையா ஆகும். ஒருவன் ஓடுவானா மாட்டானா என்பதற்கும் இன்னொருவனுடைய வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் யாரும் விளக்கவில்லை. ராமையாவுக்கே அது பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் எப்படிப்பட்டவன்னு அவங்க ஒண்ணுமே கேக்கலைங்க. என் வீட்டப் பத்திதான் கேட்டாங்க."

கதவுக்கு வெளியே

அடுத்து மறுபடியும் பரமேஸ்வரி அக்கா. இந்த முறை ஜூடித்துக்கு விஷயம் தெரியும். போன விசாரணை முடிந்ததும் அவளுக்கு நான் எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். அவள் முதலிலேயே எழும்பி, இந்தக் குடும்பத்தாருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு கஷ்டமானது என்று தீர்ப்பாளருக்குச் சொன்னாள். அவரும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான். "அவர் ஓடினால் என்ன செய்வீர்கள்?" அக்கா கண்ணை மூடி, சிவ சிவா என்று சொல்லிவிட்டு, கையால் தூரத் தள்ளுவதுபோலக் காட்டிவிட்டுச் சொல்லத் தொடங்கினா. சொல்லக் கூடாத சொல்லைச் சொல்லுறன். ஓடினால் பொலிசுக்குச் சொல்லுவன், காசைக் கட்டுவன். காசு போனால் உழைக்கலாம். ஆனால் லண்டனில் எங்கட சனத்தில் ஒருத்தரும் அவனைப் படலைக்குள்ளை விடாயினம், அவன் வீட்டில் ஒருத்தரும் கை நனைக்காயினம், அவன்ரை பிள்ளைக்கு நாளைக்குச் சம்பந்தம் பேச ஒருத்தரும் வராயினம். அது அவனுக்குத் தெரியும்.

சிவபாலனைக் கட்டி வைத்திருந்தது உண்மையில் இதுதான். நான்காயிரம் பவுண்ட்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தீர்ப்பாளர் காசைக் கட்டுவன் என்ற இடத்தில் மட்டும் பேனையால் எழுதினார். மிச்சம் எழுதவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது வெளியில் நடைபாதையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. உள்ளே குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் சொல்லிவிட்டதால், ஜெயராணி அதை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே இருந்தாள். சிவபாலன் தன் பிள்ளையை அதுவரை பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை. காவலரைத் தாண்டி என் பக்கம் சரிந்து ஏதோ கேட்டார். உள்ளே பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் சொல்ல வேண்டும் என்பதுதான் என்னுடைய சட்டம். அந்தச் சட்டத்தை நான் நன்றியோடு கடைப்பிடித்தது அன்று ஒருநாள்தான். எழும்பி நின்று, தீர்ப்பாளரைப் பார்த்து, ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த இளம் அதிகாரி கடதாசிகளைப் பார்க்கக் குனிந்துகொண்டான். அரை மணித்தியாலத்துக்குள் பிணை கிடைத்தது. சிவபாலன் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணை, அது எங்கட பிள்ளையோ?"

பெற்றோல் செட்

ரத்தினம் அண்ணைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். விசாரணைக்கு என்றும், ஆஸ்பத்திரிக்கு என்றும், முகாமுக்குச் சாப்பாடு கொண்டு போக என்றும் அடிக்கடி ஷிப்டை விட்டதால் வேலை போய்விட்டது. சீட்டில் விட்ட கழிவு விட்டதுதான். மிச்ச மாதங்களுக்கும் மாமிக்கு ஒழுங்காகக் கட்டி முடித்தார். அந்த நீதிமன்றம் கடனாளி என்று சொன்ன மனிதர் ஒரு தவணையும் பிந்தவில்லை. பிறகு வேறு பெற்றோல் செட் கிடைத்தது, ஆனால் தூரம். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் கண்டு, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "வருத்தம் காசிலை இல்லை, தம்பி. நான் பிணைக்குக்கூடப் பெறாத ஆள் எண்டு சிவபாலன்ரை கண்ணுக்கு முன்னாலை சொன்னாங்களே."

பிஸ்கட் கூட்டம்

சில வருடங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், பிணை முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று குரோய்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வழக்கறிஞர்கள், பாதிரிமார், அகதிகளுக்கு உதவுகிறவர்கள், எல்லோரும் நல்ல மனிதர்கள். பிணைத் தொகையை வருமானத்துக்கு ஏற்பக் குறைக்கலாமா, ஒரு பிணைகாரர் போதுமா, தொகை எவ்வளவு இருந்தால் நியாயம் என்று மதியம் முழுக்கப் பேசினார்கள். காசே எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், அனுபவப்பட்ட ஒருவர் பேசட்டும் என்று ஜெயராணியைக் கூப்பிட்டார்கள். சிவபாலனுக்கு அப்போது இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. பிணையில் வந்த பிறகு ஒரு கையெழுத்தும் ஒரு விசாரணையும் அவர் தவறவில்லை. பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையோடு முன் வரிசையில் இருந்து கிரேயானால் ஏதோ கீறிக்கொண்டிருந்தது.

ஜெயராணிக்கு அதற்குள் ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தமிழில்தான் சொல்லுவன், அண்ணை சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். தாலிக்கொடியைப் பற்றி, சீட்டைப் பற்றி, அக்காவைப் பற்றி நான் மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னாள். குரல் உயரவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பிறகு மேசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஜெயராணி சொன்னாள்: "எங்களிலை ஒவ்வொருத்தரையும் நிப்பாட்டி வைச்சு, அவர் ஓடினா என்ன செய்வீங்கள் எண்டு கேட்டவை. பிள்ளை பிறக்கேக்கை அவர் என்ரை பக்கத்திலை இல்லை. ரத்தினமண்ணைக்கு வேலை போச்சு. அவர் ஓடேல்லை. இப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?"

அதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பதிலைத் தமிழில் சொல்லலாம் என்று எழும்பி நின்றபடி காத்திருந்தேன், தேத்தண்ணீரும் பிஸ்கட்டும்தான் வந்தன.